மண்ணோடு சேர்ந்தால்தான் இரும்புக்கு வயது

நேயர்களுக்கு வணக்கம்.

நான் வரலாற்று ஆசிரியராக இருந்த காலத்தில், ஒரு மாணவனின் தந்தை சாக்குத் துணியில் சுற்றிய ஒன்றை என் மேசைமேல் வைத்தார். தென்னங்கன்றுக்குக் குழி வெட்டியபோது கிடைத்ததாம். முழங்கை நீளத்தில் ஓர் இரும்பு. ஒரு முனை கூராக இருந்தது. மறுமுனையில் மரக்காம்பு செருகும் குழல். ஈட்டிமுனை என்று பார்த்தவுடன் தெரிந்தது. "எத்தனை வருஷம் இருக்கும் சார்?" என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. துருவெல்லாம் சுரண்டி, புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்திருந்தார். எங்கே, எதற்குள் கிடந்தது என்று கேட்டேன். பெரிய பானை ஒன்று இருந்ததாகவும், தங்கம் இருக்குமோ என்று அதை உடைத்துப் பார்த்து, ஓடுகளை வேலியோரம் வீசிவிட்டதாகவும் சொன்னார். அவர் கேட்ட கேள்விக்கான பதில் அந்த ஓடுகளிலும், பானைக்குள் இருந்த மண்ணிலும்தான் இருந்தது.

இரும்பு, செம்பு, வெண்கலம் எதுவானாலும் உலோகத்தை மட்டும் வைத்துக்கொண்டு வயதைச் சொல்வது மிகக் கடினம். பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் செம்பு கலந்தது, செந்துரு என்றால் இரும்பு. அந்த அளவுக்கு எவரும் சொல்லலாம். காலம் சொல்வது அதோடு புதைந்த கரித்துண்டும் நெல்மணியும் பானை ஓடும்தான். மரமும் நெல்லும் உயிரோடு இருக்கும்வரை காற்றிலுள்ள கார்பனைச் சேர்த்துக்கொள்கின்றன. மடிந்தபின், அதில் ஒரு சிறு பங்கான கதிரியக்கக் கார்பன் ஏறத்தாழ 5730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. மிச்சத்தை அளந்தால் மடிந்த காலம் தெரியும். பானைக்கு வேறு வழி: சூளையில் வெந்த நாள் முதல் அதன் மணல் துகள்களில் கதிர்வீச்சின் தடம் சேர்ந்துகொண்டே வருகிறது. ஆய்வுக்கூடத்தில் ஒளி பாய்ச்சி அதை அளக்கிறார்கள்.

தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் நடந்தது இதுதான். தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே முதுமக்கள் தாழிகளை அகழ்ந்தபோது, தாழிகளுக்கு உள்ளும் புறமுமாக 85-க்கும் மேற்பட்ட இரும்புப் பொருள்கள் கிடைத்தன: கத்தி, அம்புமுனை, உளி, கோடரி, வாள். அவற்றோடு இருந்த கரியும் ஓடுகளும் ஆய்வுக்கூடங்களுக்குப் போயின. ஒரு தாழியின் நெல் கி.மு. 1155 என்றது. ஒரு பானை ஓடு கி.மு. 2459 என்றது. கரி மாதிரிகளோ கி.மு. 2953 முதல் 3345 வரை சென்றன. 2025 ஜனவரியில் இந்த முடிவுகள் வெளியானபோது, இரும்பின் வரலாற்றையே திருத்தி எழுத வேண்டும் என்ற பேச்சு எழுந்தது.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. கரி சொல்வது மரத்தின் வயதை; இரும்பு அடிக்கப்பட்ட நாளை அல்ல. பழைய மரம் எரிந்திருந்தால் காலம் முன்னே போய்விடும். ஆகவே ஒரே கரித்துண்டை நான் நம்பமாட்டேன். ஒன்றுக்கு மேற்பட்ட கூடங்களில், வெவ்வேறு முறைகளில் பார்த்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அந்தத் தாழிகளை முதலில் ஒரு மண்வெட்டி உடைத்திருந்தால், இத்தனை பேச்சுக்கும் இடமே இருந்திருக்காது.

வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போதோ கிணறு வெட்டும்போதோ உங்களுக்கும் ஏதாவது தட்டுப்படலாம். அப்போது மண்வெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள். பொருளை வெளியே இழுக்க வேண்டாம், கழுவ வேண்டாம், புளியும் சாம்பலும் வேண்டவே வேண்டாம். பக்கத்தில் ஓர் அளவுகோலையோ சாவியையோ வைத்து, இருந்த இடத்திலேயே படம் எடுங்கள். எத்தனை அடி ஆழம், மண்ணின் நிறம் என்ன, பக்கத்தில் ஓடு இருந்ததா, கரி இருந்ததா என்று குறித்துவையுங்கள். கையோடு வந்துவிட்டால் ஒட்டிய மண்ணோடு காகிதத்தில் சுற்றி வையுங்கள். பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிப்பது கடமையும்கூட.

அந்த மாணவனின் தந்தை மறுநாள் வேலியோரம் தேடி, ஒரு பை நிறைய ஓடுகளைக் கொண்டுவந்தார். உட்புறம் கறுப்பும் வெளிப்புறம் சிவப்புமாக இருந்தன. பழமையானவை என்ற அளவுக்கு அவரிடம் சொல்ல முடிந்தது. தாழிக்குள் இருந்த மண்ணைக் கேட்டேன். கன்றை நட்டு, அதே மண்ணைப் போட்டு மூடித் தண்ணீரும் விட்டுவிட்டேன் என்றார்.