குழாய்க்கு 21 நாள்

வணக்கமுங்க. இந்த நேரத்துல தறி ஓட்டிக்கிட்டும் தோட்டத்துல தண்ணி கட்டிக்கிட்டும் கேக்கற எல்லாருக்கும் வணக்கம்.

மத்திய அரசு நிறுவனமான கெயிலோட எரிவாயுக் குழாய் பிரச்சினை உச்சத்துல இருந்தப்ப, சென்னிமலைப் பக்கம் ஒரு பெரியவர் கையில நோட்டீசோட என்னைப் பார்க்க வந்தார். தென்னந்தோப்புக்கு நடுவுல குழாய் போகுதுன்னு அதுல போட்டிருந்தது. அறிவிப்பு வந்து 21 நாளைக்குள்ள ஆட்சேபணை சொல்லலாம். 1962-ஆம் வருசத்துக் குழாய்ச் சட்டத்துலேயே அது இருக்குது. விவரமெல்லாம் கேட்டுட்டுக் கிளம்பறப்ப அவர் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங்க வக்கீலய்யா, கொழாய் போட எங்கிட்ட ஆட்சேபணை கேக்கறாங்க. இதுக்குத் தீர்ப்புச் சொல்ற ஜட்ஜய்யாவைப் போடறப்ப நம்மளை ஆராச்சும் கேட்டாங்களா?"

அன்னைக்கு என்னால பதில் சொல்ல முடியலை. இந்த உரையை அவருக்குச் சொல்ற பதிலா எடுத்துக்கங்க.

நீதிபதி யாருங்கறது நம்ம ஊர்ல வயித்துப்பாடு. ஒரத்துப்பாளையம் அணையில தேங்கின சாயத் தண்ணி எத்தனை கிணத்தைக் கெடுத்துச்சுன்னு ஆயக்கட்டுக்காரங்களுக்குத் தெரியும். 2011 ஜனவரியில சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போட்டது சென்னை உயர் நீதிமன்றம். அதுல திருப்பூர்ல வேலை போன குடும்பங்களும் உண்டு. கெயில் வழக்குல 2013-ல உயர் நீதிமன்றமும், 2016-ல உச்ச நீதிமன்றமும் ஏழு மாவட்ட விவசாயிகளுக்கு எதிராத்தான் தீர்ப்புச் சொல்லுச்சு. தீர்ப்பு நமக்குச் சாதகமா வந்தாலும் பாதகமா வந்தாலும், அந்த நாற்காலியில இருக்கிறவர் மேல நம்பிக்கை இருந்தாத்தான் அது நிக்கும்.

உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியும் அவருக்கு அடுத்த மூத்த நீதிபதிகள் ரெண்டு பேரும் பெயர்களைப் பரிந்துரைப்பாங்க. மாநில அரசு, மத்திய அரசு, உளவுத் துறை அறிக்கைன்னு தாண்டி, உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியும் மூத்த நீதிபதிகளும் சேர்ந்த குழுவான கொலீஜியத்துக்குப் போகும். குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்டா முடிஞ்சது. இதுல எந்த இடத்துலயும் பொதுமக்கள் கருத்துக்குன்னு ஒரு படி கிடையாது. கொலீஜியத்தோட தீர்மானங்களை வெளியே போட ஆரம்பிச்சதே 2017 அக்டோபர்லதான்.

அப்ப எதிர்க்கவே முடியாதா? ஒரு தடவை முடிஞ்சிருக்குது. 1991-ல மிசோரம் அரசுல அதிகாரியா இருந்த கே.என். ஸ்ரீவஸ்தவாவைக் குவாஹாட்டி உயர் நீதிமன்ற நீதிபதியா நியமிச்சாங்க. அவர் பதவி ஏற்கறதுக்கு முன்னாடியே ஒரு வழக்கறிஞர் வழக்குப் போட்டார். அரசியல் சட்டத்தோட 217-ஆம் பிரிவு கேக்கற தகுதி அவருக்கு இல்லைன்னு 1992 மார்ச்சுல உச்ச நீதிமன்றம் நியமனத்தையே ரத்து செஞ்சது.

ஆனா அது தகுதி பத்தின கேள்வி. ஏற்றவரா இல்லையாங்கற கேள்விக்கு அந்தக் கதவு திறக்கலை. 2023 ஜனவரி 17-ல சென்னை உயர் நீதிமன்றத்துக்கு எல். விக்டோரியா கவுரி பெயரைக் கொலீஜியம் பரிந்துரைச்சது. சிறுபான்மையினரைப் பத்தி அவர் பேசினதாச் சொல்லப்பட்ட பேச்சுகளைக் காட்டி வழக்கறிஞர்கள் சிலர் எதிர்த்துக் கடிதம் எழுதினாங்க. அவரை ஆதரிச்சும் வழக்கறிஞர்கள் எழுதினாங்க. பிப்ரவரி 7-ஆம் தேதி டெல்லியில உச்ச நீதிமன்றத்துல எதிர்ப்பு மனு விசாரணை நடந்துக்கிட்டு இருக்கறப்பவே சென்னையில அவர் பதவி ஏத்துக்கிட்டார். ஏற்றவரான்னு பார்க்கறது எங்க வேலை இல்லைன்னு சொல்லி மனுவைத் தள்ளுபடி செஞ்சாங்க. எதிர்த்தவங்க சொன்னது சரியா தப்பாங்கறதுக்குள்ள நான் போகலைங்க. பரிந்துரைக்கும் பதவியேற்புக்கும் இடையில எத்தனை நாள்னு எண்ணிப் பாருங்க. 21 நாள். குழாய்க்கு இருந்த அதே 21 நாள்! ஆனா ஆட்சேபணையைக் கொடுக்க ஒரு மேசை கூட இல்லை.

பதவியேத்த பின்னாடி ஒரு நீதிபதியை நீக்கணும்னா நாடாளுமன்றத் தீர்மானம் ஒண்ணுதான் வழி. அது எவ்வளவு பாரம்னு 1993-ல உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமி விசயத்துல பார்த்தோம். மக்களவையில தீர்மானத்துக்கு ஆதரவா 196 ஓட்டு, எதிரா ஒண்ணு கூட இல்லை. 205 பேர் ஓட்டுப் போடாம இருந்ததால, தேவையான பெரும்பான்மை கிடைக்காம அது தோத்தது. அதனால கேக்க வேண்டியதை முன்னாடியே கேட்டாகணும்.

அமெரிக்காவுல 1987-ல உச்ச நீதிமன்ற நீதிபதியா ராபர்ட் போர்க்கை நியமிக்கறதை மக்கள் அமைப்புகள் கடுமையா எதிர்த்துச்சு. அங்கத்த மேலவையான செனட் 58-க்கு 42-னு அவரை நிராகரிச்சது. அந்த முறை அப்படியே இங்கே வரணும்னு நான் கேக்கலை. தொலைக்காட்சி விளம்பரம் வரைக்கும் போச்சு அந்தச் சண்டை. நீதிபதி பதவி தேர்தல் மாதிரி ஆயிட்டா, பணமும் சாதியும் உள்ளே வந்துரும். நம்ம ஊர்ல சாதி எவ்வளவு சீக்கிரம் வரும்னு சொல்ல வேண்டியதில்லை. "அவரு நம்மாளு இல்லை"ங்கறதெல்லாம் ஆட்சேபணையே இல்லைங்க. என்ன பேசினார், என்ன எழுதினார், வழக்கோட வந்த கட்சிக்காரங்ககிட்ட எப்படி நடந்துக்கிட்டார், சொத்து விவரம் என்ன? கையெழுத்தோட, ஆதாரத்தோட வர்றதை மட்டும்தான் எடுத்துக்கணும்.

நான் கேக்கறது இவ்வளவுதான். பரிந்துரைச்ச பெயரைத் தமிழ்ல, ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற அறிவிப்புப் பலகையிலயும் ஒட்டுங்க. ஒரு மாசம் அவகாசம் குடுங்க. வந்த ஆட்சேபணைக்கு ரெண்டு வரியிலயாவது பதில் எழுதுங்க.

அந்தப் பெரியவர் தோப்புக்குக் குடுத்த ஆட்சேபணைக்கு முத்திரை வெச்ச ரசீது ஒண்ணு கிடைச்சது. அதை மடிச்சு வேட்டி மடிப்புல சொருகிக்கிட்டு, பெருந்துறை பஸ் ஏறிப் போனார்.