கன்டெய்னரின் மறதி

நேயர்களுக்கு வணக்கம்.

நள்ளிரவில் ஒருவர் தம் வங்கிக் கணக்கில் எவ்வளவு இருப்பு இருக்கிறது என்று கைப்பேசியில் பார்க்கிறார். இரண்டொரு விநாடிகளில் விடை வந்துவிடுகிறது. அதற்குள் அந்தக் கேள்வி பல மென்பொருள்களின் கைமாறிப் போய்த் திரும்பியிருக்கும். அவற்றுள் சில வங்கியின் சொந்தக் கட்டடத்தில் உள்ள சர்வர்களில் ஓடுகின்றன. வேறு சில ஒரு கிளவுட் நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்த கணினிகளில் ஓடுகின்றன. சொந்த இடமும் வாடகை இடமும் சேர்ந்து ஒரே பணியைச் செய்யும் இந்த அமைப்பைத்தான் ஹைப்ரிட் கிளவுட் என்கிறார்கள். அதில் நிறுவன மென்பொருள்களை நிறுவுவதும், நிறுவியவற்றை இடைவிடாமல் ஓட வைப்பதுமே நான் பல ஆண்டுகளாகச் செய்துவரும் வேலை.

2006-இல் அமேசான் நிறுவனம் கணினிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியபோது, இனிச் சொந்தச் சர்வர் அறைகளே இருக்காது என்று பலர் எண்ணினார்கள். அப்படி ஆகவில்லை. தரவு நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்ற சட்டங்கள், பல பத்தாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் பெரிய கணினிகள், ஏற்கெனவே வாங்கிவைத்த இயந்திரங்கள் ஆகிய எல்லாமே சொந்த இடத்தைத் தக்கவைத்தன. ஹைப்ரிட் என்பது வழியில் தங்கும் விடுதி என்று சிலர் இன்றும் கருதுகிறார்கள். பெரும்பாலான பெரிய நிறுவனங்களுக்கு அதுவே நிரந்தர முகவரி என்பது என் கருத்து.

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் பின்கதவைச் சற்றுத் தூக்கிப் பிடித்துத் தள்ளினால்தான் திறக்கும். வீட்டில் இருப்பவர்கள் யாரும் அதை எண்ணிப் பார்ப்பதில்லை. கை தானே அப்படிச் செய்துவிடும். புதிதாக வருபவரோ கதவோடு மல்லுக்கட்டுவார். பழைய சர்வர்கள் இப்படிப்பட்ட வீடுகள். பத்தாண்டுகள் ஓடிய ஒரு சர்வரில் யாரோ ஒருவர் ஒரு கோப்பின் அனுமதியை மாற்றியிருப்பார். இன்னொருவர், நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்தொகுப்பான நூலகம் ஒன்றின் பழைய பதிப்பைத் தேடிக்கொண்டுவந்து வைத்திருப்பார். அவை எங்கும் எழுதப்படவில்லை. அந்தச் சர்வருக்குத்தான் தெரியும், அதைத் தொட்ட கைகளுக்குத்தான் தெரியும். அந்தக் கைகள் வேலை மாறிப் போனபின் சர்வருக்கு மட்டும்தான் தெரியும்.

இங்கே என் அனுபவத்தில் நடந்த ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலைப் பற்றி நான் கொண்டிருக்கும் எண்ணங்களில் பாதி அதிலிருந்து பிறந்தவை.

நான் பணியாற்றிய ஒரு நிறுவனத்தில், மாதக் கடைசியில் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் கட்டணச் சீட்டு தயாரிக்கும் மென்பொருள் ஒன்று இருந்தது. அதை அப்போதுதான் கன்டெய்னருக்குள், அதாவது நிரலையும் அதற்கு வேண்டியவற்றையும் ஒன்றாக அடைத்து ஓடவிடும் ஏற்பாட்டுக்குள், மாற்றியிருந்தோம். முதல் மாதக் கடைசி இரவில், வரியைக் கணக்கிட்டுத் தரும் மற்றொரு மென்பொருள் கூட்டம் தாங்காமல் மெதுவாகப் பதில் சொல்லத் தொடங்கியது. எங்கள் மென்பொருள் ஐந்து விநாடிகள் காத்திருந்து பார்த்துவிட்டு, பதில் வரவில்லை என்று வேலையைக் கைவிட்டுவிடும். சீட்டுகள் வரிசையாகத் தோற்றன. திறமை மிக்க என் சக ஊழியர் ஒருவர், இரவு இரண்டு மணிக்கு, ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னருக்குள்ளேயே நுழைந்து, அமைப்புக் கோப்பில் இருந்த ஐந்தை முப்பதாக்கினார். அந்தக் கோப்பை மென்பொருள் அவ்வப்போது தானே மறுபடி படித்துக்கொள்ளும் என்பதால் நிறுத்தித் தொடங்கவும் தேவைப்படவில்லை. அடுத்த நிமிடமே சீட்டுகள் வரத் தொடங்கின. எல்லோரும் அவரைப் பாராட்டினோம், நானும் பாராட்டினேன். விடிவதற்குள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டோம்.

நான்கு மாதங்கள் ஒரு குறையுமில்லை. ஐந்தாம் மாதத்தின் நடுவில், பாதுகாப்புத் திருத்தம் ஒன்றை நிறுவுவதற்காக, அந்தக் கன்டெய்னர் ஓடிய கணினியைக் காலி செய்தார்கள். அதன்மேல் ஓடிய கன்டெய்னர்கள் வேறு கணினிகளில் புதிதாகத் தோன்றின. அதுவும் முறைப்படிதான் நடந்தது. மாதக் கடைசி வந்தது, சீட்டுகள் தோற்றன. எதை மாற்றினீர்கள் என்று ஒவ்வொரு குழுவையும் கேட்டோம். எதையும் மாற்றவில்லை என்றே எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் சொன்னது முழு உண்மை. மூன்று நாள் வலையமைப்பைச் சோதித்தோம், தரவுத்தளத்தைச் சோதித்தோம், வரிக் கணக்கு மென்பொருளைக் குற்றம் சாட்டினோம். மூன்றாம் நாள் மாலை, பேச்சுவாக்கில் யாரோ "காத்திருக்கும் நேரம்" என்று சொல்ல, அந்தச் சக ஊழியர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றதை இன்றும் மறக்க முடியவில்லை. கன்டெய்னர் புதிதாகப் பிறந்தபோது, எழுதிவைத்திருந்த ஐந்தோடுதான் பிறந்தது. முப்பது என்பது எங்கும் எழுதப்படவில்லை. அது இறந்துபோன கன்டெய்னரோடு போய்விட்டது.

கன்டெய்னர் என்பது என்ன என்று இப்போது சொன்னால் எளிதில் விளங்கும். பலர் அதைச் சிறிய கணினி என்று எண்ணுகிறார்கள். அது கணினி அல்ல. சுற்றிலும் வேலி போட்ட ஒரு நிரல், அவ்வளவுதான். ஒரு நிரலின் பார்வையை ஒரே கோப்புறைக்குள் அடக்கிவைக்கும் வசதி யூனிக்ஸ் இயக்க முறைமையின் ஏழாம் பதிப்பில், 1979-இலேயே வந்துவிட்டது. ஒரு நிரல் கூட்டத்துக்கு இவ்வளவு நினைவகம், இவ்வளவு செயலித் திறன் என்று எல்லை வகுக்கும் வசதி 2008 ஜனவரியில் லினக்ஸ் இயக்க முறைமையில் சேர்ந்தது. அதைத் தொடங்கியவர்கள் கூகுள் பொறியாளர்கள். 2013-இல் வந்த டாக்கர் என்ற மென்பொருள், இவற்றையெல்லாம் சாதாரண நிரலாளர் ஒரே கட்டளையில் பயன்படுத்தும்படி செய்தது. நிரல், அதற்கு வேண்டிய நூலகங்கள், கோப்புகள் எல்லாவற்றையும் சேர்த்து முத்திரையிட்ட ஒரு கட்டாக ஆக்கினார்கள். அதற்கு இமேஜ் என்று பெயர். அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்டு எடுக்கும் நீண்ட அடையாள எண் ஒன்று அதற்கு உண்டு. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். ஆகவே சோதனையில் தேறிய அதே இமேஜ்தான் இன்று வாடிக்கையாளர்களுக்கு ஓடுகிறதா என்ற கேள்விக்கு, நினைவை நம்பாமல் எண்ணைப் பார்த்தே விடை சொல்லலாம். எண்ணுக்குப் பதிலாக "லேட்டஸ்ட்" என்ற பெயரைக் குறிப்பிட்டு நிறுவுகிறவர்கள் இந்த வசதியைத் தாமே கைவிடுகிறார்கள்: நேற்றைய லேட்டஸ்டும் இன்றைய லேட்டஸ்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

இமேஜிலிருந்து பிறக்கும் கன்டெய்னர் தன் வாழ்நாளில் நேர்ந்த எதையும் அடுத்த பிறவிக்குக் கொண்டுபோவதில்லை. இந்த மறதியைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. நான் அதைத்தான் அதன் தலையாய குணமாகக் கருதுகிறேன். எழுதாத மாற்றத்தை அது ஏற்காததால், நாம் எழுதியே ஆக வேண்டியிருக்கிறது. பழைய சர்வர் அந்த முப்பதைப் பத்தாண்டுகள் காப்பாற்றிவைத்திருந்து, அது பழுதாகும் நாளில்தான் நம்மைத் தவிக்கவிட்டிருக்கும். கன்டெய்னர் நான்கு மாதத்திலேயே சொல்லிவிட்டது.

கையால் நிறுவுவதன் விலை என்ன என்பதற்கு உலகறிந்த ஒரு சான்று இருக்கிறது. 2012 ஆகஸ்ட் 1 அன்று, நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தில் நடந்தது அது. அதற்கு முந்தைய நாள்களில் எட்டுச் சர்வர்களில் ஒரு புதிய நிரலை நிறுவினார்கள். ஏழில் நிறுவிய தொழில்நுட்பப் பணியாளர் எட்டாவதை விட்டுவிட்டார். இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று எழுதிவைத்த நடைமுறை எதுவும் அங்கே இல்லை. புதிய நிரலை இயக்கும் அடையாளக்குறி, பல ஆண்டுகளுக்கு முன்பே கைவிட்ட ஒரு பழைய நிரலுக்கு உரியதாக இருந்தது. அந்தப் பழைய நிரலோ எட்டாவது சர்வரில் அப்படியே கிடந்தது. சந்தை திறந்ததும் அது விழித்துக்கொண்டது. 212 சிறிய ஆர்டர்களை நிறைவேற்ற முயன்று, 45 நிமிடங்களில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வர்த்தகங்களைச் செய்து முடித்தது. அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் 2013-ஆம் ஆண்டு ஆணையின்படி, நட்டம் 46 கோடி டாலருக்கும் மேல். அந்தப் பதற்றத்தில், சரியாக நிறுவியிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை எடுத்துவிட்டார்கள். அதன்பின் எட்டுச் சர்வர்களுமே தவறு செய்யத் தொடங்கின.

கன்டெய்னர் இருந்திருந்தால் அது நடந்தே இருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். பழைய குறியை மறுபடி பயன்படுத்தியது நிரல் எழுதியவர்களின் பிழை, அதை எந்தத் தளமும் தடுத்திருக்காது. ஆனால் எட்டில் ஏழுதான் மாறியிருக்கிறது என்பதை மனிதக் கண்ணுக்கு விட்டுவைக்காமல் இயந்திரமே எண்ணிப் பார்க்கும் ஏற்பாடு இன்று இருக்கிறது. கூகுள் தன் உள் அமைப்புகளில் பெற்ற பட்டறிவிலிருந்து 2014-இல் வெளியிட்ட, கன்டெய்னர்களை மேற்பார்க்கும் குபர்னெட்டிஸ் என்ற மென்பொருள் அதைத்தான் செய்கிறது. கப்பலின் சுக்கானைப் பிடிப்பவர் என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். இந்த அடையாள எண்ணுள்ள இமேஜ், எட்டுப் பிரதிகள், ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு நினைவகம் என்று நாம் விரும்பும் நிலையை ஒரு கோப்பில் எழுதிக் கொடுக்கிறோம். அது, எழுதியிருப்பதையும் நடப்பதையும் இடைவிடாமல் ஒப்பிட்டு, வேறுபாடு தெரிந்தால் எழுதியிருப்பதன் பக்கமே இழுத்துச் செல்கிறது. ஒரு பிரதி இறந்தால் இன்னொன்றை எழுப்புகிறது. ரெட் ஹேட் நிறுவனத்தின் ஓப்பன்ஷிஃப்ட் போன்ற நிறுவனத் தளங்களும் இதே அடித்தளத்தின்மேல் எழுந்தவைதாம்.

அதனால்தான் ஹைப்ரிட் கிளவுடில் இது இவ்வளவு பயன்படுகிறது. சொந்தக் கட்டடத்திலும் வாடகை இடத்திலும் ஒரே இமேஜ் ஓட வேண்டும். இடத்துக்கு இடம் மாறும் தரவுத்தள முகவரி, கடவுச்சொல், நினைவக அளவு போன்றவை இமேஜுக்கு வெளியே இருக்க வேண்டும். முகவரிகளையும் அளவுகளையும், யார், எப்போது, ஏன் மாற்றினார் என்று வரலாறு வைத்திருக்கும் ஒரு களஞ்சியத்தில் எழுதிவைக்க வேண்டும். கடவுச்சொற்களைத் தனிப் பெட்டகத்தில் பூட்டிவைக்க வேண்டும். நான் பார்த்தவரையில், வாடகை இடத்தில் இந்த ஒழுங்கைப் பின்பற்றுகிறவர்களே சொந்தக் கட்டடத்தில் அதைத் தளர்த்திவிடுகிறார்கள். பக்கத்து அறையில் இருக்கும் கணினியல்லவா, எட்டித் தொட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் ஓராண்டுக்குள் வேறு வேறாகிவிடுவதற்கு அந்தத் தொடுதலே காரணம்.

நள்ளிரவில் எல்லாம் எரிந்துகொண்டிருக்கும்போது கையால் திருத்தவே கூடாதா என்று கேட்பார்கள். திருத்தலாம். தீயை முதலில் அணைக்க வேண்டும். ஆனால் அன்று எங்கள் சக ஊழியர் வீட்டுக்குப் போகும் முன் அந்த முப்பதைக் களஞ்சியத்தில் எழுதியிருந்தால், அல்லது நாங்கள் யாராவது அவரிடம் அதைக் கேட்டிருந்தால், மூன்று நாள்கள் வீணாகியிருக்காது. பாராட்டுவதற்கு முன் அதைக் கேட்டிருக்க வேண்டியவன் நான்.

எழுதிக் கொடுக்கும் எல்லையிலும் ஒரு நுட்பம் உண்டு. ஜாவா என்ற நிரல் மொழியின் 2018-க்கு முந்தைய பதிப்புகள் பெரும்பாலும் வேலியைப் பார்க்காமல், வேலிக்கு வெளியே இருக்கும் முழுக் கணினியின் நினைவகத்தையே தமக்குரியதாகக் கணக்கிட்டன. நான்கு ஜிபி எல்லைக்குள் இருந்துகொண்டு, 64 ஜிபி இருப்பதாக நினைத்து விரிந்த நிரலை லினக்ஸ் கொன்றுவிடும். பதிவேட்டில் 137 என்ற எண் மட்டும் மிஞ்சும். அந்த எண்ணைக் கண்டு நிரலில் பிழை தேடியவர்கள் பலர். தேட வேண்டிய இடம் எல்லை.

நேரம் முடிவதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. தரவைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். இரண்டு செய்திகளை மட்டும் விரைவாகச் சொல்கிறேன்.

கன்டெய்னர் மறக்கலாம், தரவுத்தளம் மறக்கக் கூடாது. நிரலைப் பழைய இமேஜுக்கு ஒரு நிமிடத்தில் திருப்பிவிடலாம், தரவை அப்படித் திருப்ப முடியாது. ஆகவே அட்டவணையில் ஒரு பத்தியின் பெயரை மாற்ற வேண்டுமானால், முதலில் புதிய பத்தியைச் சேர்த்து, சில காலம் இரண்டிலும் எழுதி, பழைய தரவையும் புதியதில் நிரப்பி, பழைய நிரலுக்குத் திரும்பத் தேவையில்லை என்று உறுதியான பிறகே பழையதை நீக்க வேண்டும்.

அடுத்தது தொலைவு. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் செல்லும். நிரல் கிளவுடிலும் தரவுத்தளம் 1000 கிலோமீட்டருக்கு அப்பால் சொந்தக் கட்டடத்திலும் இருந்தால், ஒரு கேள்வி போய்த் திரும்பக் குறைந்தது 10 மில்லிவிநாடி ஆகும். ஒரு திரையைக் காட்ட ஒன்றன்பின் ஒன்றாக 200 கேள்விகள் கேட்கும் நிரல், இரண்டு விநாடிகளை வழியிலேயே செலவழித்துவிடும். எனவே நிரலை இடம் மாற்றுவதற்கு முன், அது தரவுத்தளத்தை எத்தனை முறை கூப்பிடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். பொறுமையாகக் கேட்ட நேயர்களுக்கும் வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும் நன்றி. வணக்கம்.