வாயைத் திறந்தால் அவுட்: காகிதக் கம்ப்யூட்டர் விளையாட்டு

(மேசைமேல் ஏ4 தாள், ஸ்கெட்ச் பேனா, கத்தரிக்கோல், ஒரு ஜோடி தடித்த கையுறை.)

பயன்படுத்துபவரை மனதில் வைத்து வடிவமைக்க வேண்டும் என்று வகுப்பில் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். மறுநாள் அவர்கள் கொண்டுவரும் ஆப்பில் முதல் திரையிலேயே பதினாறு பட்டன் இருக்கும். அதனால் நான் ஸ்லைடு போடுவதை விட்டுவிட்டேன், இப்போது நேராக விளையாட்டுதான்.

முதலில் அந்தக் கையுறையை மாட்டுங்கள். மூக்குக்கண்ணாடியில் கொஞ்சம் வாசலின் தடவுங்கள் (பழைய கண்ணாடியாக எடுங்கள், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது). சரி, இப்போது ஒரு மாத்திரை அட்டையை எடுத்து காலாவதித் தேதியைப் படியுங்கள் பார்ப்போம்.

இது என் யோசனை இல்லை. அமெரிக்க வடிவமைப்பாளர் பட்ரீசியா மூர், மூட்டுவலி உள்ளவர்களால் ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்க முடியுமா என்று அலுவலகத்தில் கேட்டிருக்கிறார். அந்த மாதிரி ஆட்களுக்காக நாம் வடிவமைப்பதில்லை என்று பதில் வந்ததாம். 1979-ல், 26 வயதில், அவர் பாட்டி வேடம் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். நரைமுடி மட்டுமில்லை, பார்வையை மங்கலாக்கும் கண்ணாடி, காதில் மெழுகு, கால் சுலபமாக மடங்காதபடி கட்டு. சுமார் 3 வருடம், அமெரிக்காவிலும் கனடாவிலுமாக நூறு ஊர்களுக்கு மேல் அப்படியே சுற்றினார். நாம் பத்து நிமிடம் கையுறை போட்டுவிட்டுப் பெருமைப்பட ஒன்றுமில்லை.

(தாளில் கையால் வரைந்த டிக்கெட் மிஷின் திரை.)

அடுத்ததுதான் எனக்குப் பிடித்தது. நான்கு பேர் சேர்ந்து ஒரு ரயில் டிக்கெட் மிஷினைத் தாளில் வரைய வேண்டும், ஒரு திரைக்கு ஒரு தாள். அவர்களில் ஒருவர் கம்ப்யூட்டர். வெளியாள் ஒருவரை டிக்கெட் எடுக்க உட்காரவைப்போம். அவர் விரல் எந்தப் பட்டனில் படுகிறதோ அதற்குரிய தாளை எடுத்து வைப்பதுதான் கம்ப்யூட்டரின் வேலை, பேசவோ சிரிக்கவோ கூடாது. பட்டன் இல்லாத இடத்தைத் தொட்டால் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். மற்ற மூவரும் பின்னால் நிற்பார்கள். வாயைத் திறந்தால் அவுட்.

ஒருமுறை டீ கொண்டுவரும் அக்காவை உட்காரவைத்து, "தாம்பரத்துக்கு ஒரு ரிட்டர்ன் எடுங்கக்கா" என்றோம். அவர் நேராக மேலே பெரிதாக எழுதியிருந்த தலைப்பை அழுத்தினார். எதுவும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். "என்னப்பா, மிஷின் ரிப்பேரா?" பின்னால் நின்ற ஒரு பையனுக்குத் தாங்கவில்லை, "அக்கா, கீழே..." என்றான், அவுட். இரண்டாவது திரைக்குப் போனதும் அவர் விரல் அந்தரத்தில் நின்றது. "ரிட்டர்ன் எங்கப்பா?" தாளில் 'இருவழிப் பயணம்' என்று அழகான கையெழுத்தில் இருந்தது! மிச்சமிருந்த இருவரும் ஒரே நேரத்தில் பேசி அவுட்.

அங்கேயே அந்தத் துண்டை வெட்டியெறிந்து 'ரிட்டர்ன்' என்று எழுதி ஒட்டினார்கள், அக்கா அடுத்த சுற்றில் தட்டுத்தடங்கல் இல்லாமல் முடித்தார். புரோகிராம் எழுதிய பிறகென்றால் அந்த வார்த்தைக்காக அவர்கள் ஒரு மணி நேரம் வாதாடியிருப்பார்கள். அதனால்தான் ஸ்கேல் வைத்து வரையவே விடமாட்டேன். அழகாக வரைந்தவனுக்குக் கிழிக்க மனசு வராது, உட்கார்ந்து பார்ப்பவருக்கும் குறை சொல்ல வாய் வராது.

மனிதரைக் கம்ப்யூட்டராக வைத்துப் பார்ப்பது பழைய தந்திரம்தான். 1980-களின் தொடக்கத்தில் ஐபிஎம் ஆய்வாளர்கள், பேசினால் தானே எழுதும் மிஷின் என்று ஒன்றை ஆட்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மிஷின் அப்போது வந்திருக்கவே இல்லை, கண்ணில் படாமல் ஒரு டைப்பிஸ்ட் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார்.

நீங்கள் நடத்துவதாக இருந்தால், ஒரு சுற்றுக்கு 15 நிமிடம் போதும். உட்காரவைக்க உங்கள் நண்பரைக் கூப்பிடாதீர்கள், பாவம் பார்த்துப் பாஸ் போட்டுவிடுவார். கம்ப்யூட்டராக, எதற்கும் சிரிக்காத ஆளாகப் பிடியுங்கள். எனக்கு இன்னும் அப்படி ஒருவர் கிடைக்கவில்லை.