பார்ட் டைம் வேலை தேடுகிறீர்களா? சம்பளத்தை விடுங்கள், முதலில் டே ஆர்டரைப் பாருங்கள்!

வணக்கம் மக்களே. நீங்கள் காலேஜில் படிக்கிறீர்கள் என்றால் ஏற்கனவே ஒரு வேலையில்தான் இருக்கிறீர்கள். தினமும் 6 மணி 40 நிமிடம். சம்பளம் கிடையாது. செமஸ்டருக்கு ஒரு தடவை நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும். இதற்கு மேல் இன்னொரு வேலைக்கும் போக வேண்டும் என்கிறவர்களுக்குத்தான் இந்த வீடியோ. அதுவும் வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று செக்போஸ்ட்டைத் தினமும் தாண்டிப் போய் வருகிற நம் எல்லைக்காரப் பிள்ளைகளுக்கு.

அந்த 6 மணி 40 நிமிடம் எங்கிருந்து வந்தது என்பதை வேகமாகப் பார்த்துவிடுவோம், கொஞ்சம் போரடிக்கும். யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, கணக்கில் மூன்று வருடப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட். அதாவது செமஸ்டருக்கு 20. தேசிய கிரெடிட் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேர உழைப்பு. வகுப்பு, லேப், வீட்டில் படிப்பது எல்லாம் சேர்த்து. ஆக 600 மணி நேரம். அதை ஒரு செமஸ்டரின் 90 வேலை நாட்களால் வகுத்துக் கொள்ளுங்கள். கேரளத்தில் 2024-25இல் வந்த புதிய திட்டத்தில் மூன்று வருடத்துக்கு 133 கிரெடிட். தமிழ்நாட்டுப் பக்கம் பல படிப்புகளுக்கு 140. சரி, போதும்.

(திரையில்: 33 + 15 = 48)

வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் சுமார் 33 மணி நேரம். ஒரு ஃபேக்டரித் தொழிலாளிக்கே வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை என்று 1948ஆம் வருடத்துச் சட்டம் சொன்னது. மிச்சம் எவ்வளவு? 15. வெளிநாட்டு மாணவர்களுக்கு பிரிட்டன் வகுப்பு நடக்கும் நாட்களில் வாரம் 20 மணி நேரம் விடுகிறது, கனடா 24, ஆஸ்திரேலியா இரண்டு வாரத்துக்கு 48. அவர்கள் பெரும்பாலும் காலேஜ் பக்கத்திலேயே அறை எடுத்து இருப்பவர்கள். பாலக்காட்டிலிருந்து கோயம்புத்தூர் சுமார் 50 கிலோமீட்டர். போக ஒன்றரை, வர ஒன்றரை என்று வைத்தால் வாரத்துக்கு 15 மணி நேரம். முடிந்தது கதை! மிச்சம் இருந்த 15ஐயும் பஸ் தின்றுவிட்டது.

அப்படியானால் வேலையே வேண்டாமா? வீட்டில் காசு இருந்தால் இந்த வீடியோவையே நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அதனால் அந்த அறிவுரைக்குள் நான் போகவில்லை. காலையில் நான்கு மணிக்கு எழுந்திரு, போனைத் தூக்கிப் போடு, டைம்டேபிள் போடு என்றெல்லாம் சொல்ல நிறைய சேனல் இருக்கிறது. ஆனால் டைம்டேபிள் போடு என்கிறார்களே, அங்கேதான் எனக்கு வாய் ஊறுகிறது. ஏனென்றால் நம் காலேஜ் டைம்டேபிளில் கிழமையே கிடையாது!

கேரளப் பக்கம் படிக்கும் நண்பர்கள் கொஞ்சம் பொறுத்துக் கொள்ளுங்கள், இது தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளின் விசேஷம். அங்கே திங்கள், செவ்வாய் எல்லாம் இல்லை. வேலை நாட்களுக்கு வரிசை எண்தான், அதுதான் டே ஆர்டர். ஒன்று முதல் ஆறு வரை, ஆறு முடிந்தால் திரும்ப ஒன்று. ஏன் ஆறு? வாரத்துக்கு 30 பீரியட் பாடம், ஒரு நாளைக்கு 5 பீரியட். 30ஐ 5ஆல் வகுத்தால் ஆறு. ஆனால் காலேஜ் பெரும்பாலும் ஐந்து நாள்தான் நடக்கிறது. இப்போது வேடிக்கையைப் பாருங்கள்.

உங்களுக்கு மதியம் முழுக்க லேப் இருப்பது நான்காம் டே ஆர்டரில் என்று வையுங்கள். முதல் வாரம் திங்கள் ஒன்றாம் டே ஆர்டர் என்றால், லேப் வியாழக்கிழமை. இரண்டாவது வாரம் வெள்ளி. மூன்றாவது வாரம் லேப்பே இல்லை! நான்காவது வாரம் திங்கள், ஐந்தாவது செவ்வாய், ஆறாவது புதன், ஏழாவது வாரம் திரும்பவும் வியாழன். இது ஒரு லீவு கூட வராமல் இருந்தால். நடுவில் ஒரு நாள் லீவு விட்டால் டே ஆர்டர் அங்கேயே நின்று, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரும். லேப் இன்னும் ஒரு நாள் தள்ளிப் போகும்.

திட்டாதீர்கள், இது ஒன்றும் மோசமான ஏற்பாடு இல்லை. எனக்கு ரொம்பவே பிடித்த விஷயம். 90 வேலை நாளை ஆறால் வகுத்தால் மிச்சமே இல்லாமல் 15. எத்தனை திங்கட்கிழமை லீவு போனாலும் ஒவ்வொரு டே ஆர்டரும் சரியாக 15 தடவை வந்துவிடும். எந்த வாத்தியாருக்கும் ஒரு பீரியட் கூட நஷ்டமில்லை. யார் கண்டுபிடித்தாரோ, மகா புத்திசாலி. பார்ட் டைம் வேலை பார்க்கிற பையன் ஒருவனை மட்டும் அவர் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஏனென்றால் காலேஜுக்கு வெளியே உலகம் கிழமையில் ஓடுகிறது. பொள்ளாச்சி மாட்டுச் சந்தை செவ்வாய், வியாழன் என்றால் செவ்வாய், வியாழன்தான். டியூஷன் சென்டரில் "திங்கள், புதன், வெள்ளி நான்கு மணிக்கு வந்திடு தம்பி" என்பார்கள். நீங்களும் தலையாட்டிவிட்டு வருவீர்கள். முதல் மூன்று வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் லேப்போடு மோதும். நான்காவது வாரம் திங்கட்கிழமையே இடிக்கும், ஆறாவது வாரம் புதன்கிழமை. முதலாளி பார்வையில் நீங்கள் பொறுப்பில்லாத ஆள், எச்ஓடி, அதாவது துறைத் தலைவர், பார்வையிலும் பொறுப்பில்லாத ஆள். இரண்டு பேரும் பாவம், இரண்டு வேறு காலண்டரைப் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள்.

எல்லையில் இன்னொரு கூத்து. ஓணத்துக்குக் கோயம்புத்தூர் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவார்கள், அதை ஈடுகட்ட ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும். பொங்கலுக்குப் பாலக்காட்டில் உள்ளூர் விடுமுறை. ஆக, சனிக்கிழமை ஃப்ரீ என்று யாருக்காவது வாக்குக் கொடுப்பதற்கு முன்னால் காலேஜ் ஹேண்ட்புக்கைத் திறந்து பாருங்கள். எந்தத் தேதி எந்த டே ஆர்டர் என்று பின்பக்கம் அச்சடித்தே கொடுத்திருப்பார்கள். அந்தப் பக்கத்தை மூன்று வருடத்தில் ஒரு தடவை கூடத் திறக்காதவர்கள் கையைத் தூக்குங்கள். ம்ம், நினைத்தேன்.

அதனால் என் கருத்து இது: வேலையை மணி நேரத்தை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், அது எந்தக் காலண்டரில் ஓடுகிறது என்று பாருங்கள். தேதி வைத்துக் கூப்பிடுகிற வேலை நமக்குப் பொருந்தும். கிழமை வைத்துக் கட்டிப் போடுகிற வேலை பொருந்தாது.

அப்படிப் பார்த்தால் எனக்கு முதல் இடம் கேட்டரிங்குக்குத்தான். பாலக்காட்டுப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்குப் பரிமாறப் போகிற பிள்ளைகளில் நிறையப் பேர் காலேஜ் மாணவர்கள். யாரும் குறைவாக நினைப்பதில்லை. வாத்தியார் பந்தியில் உட்கார்ந்தால் அவருக்கு ஒரு அப்பளம் கூடப் போடலாம், இன்டர்னல் மார்க்குக்கு ஆகுமா என்று மட்டும் கேட்காதீர்கள். இலை போட்டு, பரிமாறி, எச்சில் இலை எடுத்து முடித்தால் அன்றைக்கே காசு கையில். வேண்டாத ஞாயிறு போக வேண்டாம். ஆடி மாதம், அங்கே கர்க்கடகம், முகூர்த்தம் இல்லாமல் வேலை படுத்துவிடும். அதற்கு முன்பே கொஞ்சம் சேர்த்து வையுங்கள்.

அடுத்து ஜவுளிக்கடை சீசன். இதில் எல்லைக்காரர்களுக்கு மட்டும் ஒரு யோகம் உண்டு. தீபாவளி சீசனுக்கு ஆள் எடுக்கும்போது செமஸ்டர் எக்ஸாம் கழுத்தருகே வந்திருக்கும், ரெக்கார்டு நோட்டு பாதி எழுதாமல் கிடக்கும். ஓண சீசன் ஆகஸ்ட், செப்டம்பரில். பாடம் அப்போதுதான் சூடு பிடிக்கும், நஷ்டம் குறைவு. கோயம்புத்தூர்ப் பையனுக்குத் தீபாவளி ஒன்றுதான் தெரியும். நமக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஓணத்தை எடுங்கள், தீபாவளியை விட்டுவிடுங்கள். டிசம்பரில் கேரள பேக்கரிகளில் கேக் வேலைக்கு ஆள் எடுப்பார்கள், அதுவும் பெரும்பாலும் எக்ஸாம் முடிந்த நேரம்.

கட்டட வேலை? ரிசர்வ் வங்கியின் 2022-23 கணக்கில் கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் தினக்கூலி கேரளத்தில் சுமார் 852 ரூபாய், தமிழ்நாட்டில் சுமார் 501. அந்தப் பக்கம் கால் இழுக்கத்தான் செய்யும். லீவில் போங்கள், வகுப்பு நாளில் வேண்டாம். டெலிவரி வேலை பற்றித் தனியாக ஒரு வீடியோ வருகிறது.

அட்டெண்டன்ஸ் பற்றி ஒரே வரி: 90 நாளில் 75 சதவீதம் என்றால் 68 நாள், மிச்சம் 22. அந்த 22ஐயும் முதல் இரண்டு மாதத்தில் சம்பளத்துக்கு விற்றுவிட்டால், அக்டோபரில் டெங்கு வரும்போது கையில் ஒன்றும் இருக்காது.

முதலாளியிடம் பேசுவதற்கு ஒரு யோசனை. "அண்ணா, எக்ஸாம் வந்தா லீவு குடுங்க" என்று மொட்டையாகக் கேட்டால் சரி என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவார். ஹேண்ட்புக் பக்கத்தைப் போட்டோ எடுத்து, வர முடியாத தேதிகளைச் சிவப்பில் வட்டம் போட்டு, வேலைக்குச் சேருகிற அன்றே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கடைக்காரர்களுக்குத் தேதி புரியும். டே ஆர்டரை விளக்கப் போகாதீர்கள், டீ ஆறிவிடும்.

நர்சிங், இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே ஒத்துவராது, வார்டு போஸ்டிங் எல்லாம் வேறு மாதிரி. உங்களில் வேலையும் பார்க்கிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள், அதை வைத்தே அடுத்த வீடியோ. பாலக்காட்டுச் சித்தூர் காலேஜ்காரர்களே, அந்தப் பக்கம் எந்த மாதம் கேட்டரிங்குக்கு ஆள் பஞ்சம் என்பதையும் மறக்காமல் போடுங்கள். சப்ஸ்கிரைப் பண்ணாதவர்கள் பண்ணிவிடுங்கள், அதற்கு மட்டும் டே ஆர்டர் பார்க்க வேண்டாம்.