"ஓ, அதுவா?"

எல்லாருக்கும் வணக்கம்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஓபரா, அதாவது மேல்நாட்டு இசை நாடகம், பாக்கப் போயிருந்தேன், இடைவேளையில பக்கத்து சீட்டுக்காரர் நல்லா பேசிட்டிருந்தார், இதுவரைக்கும் என்னென்ன பாத்திருக்கீங்கன்னு கேட்டார். ஒரு ரசிகர் கிடைச்சாரேங்கிற சந்தோஷத்துல நானும் ‘லே மிசராப்ள’ங்கிற மியூசிக்கலை, அதான் பிராட்வே, லண்டன் பக்கம் போடற பாட்டு நாடகத்தை, மூணு தடவை பாத்தேங்க, மூணு தடவையும் அழுதேன்னு சொன்னேன். "ஓ, அதுவா?" ன்னார். அவ்ளோதான், முகத்தைத் திருப்பிக்கிட்டார். ஓபராதான் உசத்தி, மியூசிக்கல் மட்டம்ங்கிற மாதிரி இருந்த அந்த "அதுவா" இன்னிக்கு வரைக்கும் உறுத்துது, அதைப் பத்திப் பேசணும்னுதான் இங்க வந்தேன்.

ஓபராவுக்கும் மியூசிக்கலுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா, ஓபராவுல முழுக்கப் பாட்டு, மியூசிக்கல்ல நடுநடுவுல வசனம் பேசுவாங்கன்னு பட்டுனு சொல்லிடுவாங்க. சரி, ‘கார்மென்’ ஓபராவா இல்லையா? 1875ல பாரிஸ்ல ஓபரா-கொமிக் அரங்குல அது முதல்ல மேடையேறினப்ப பாட்டுக்கு நடுவுல வசனம் இருந்துச்சு. அதுக்கு இசையமைச்ச பிஸே மூணே மாசத்துல இறந்துட்டார், அப்புறம் அவரோட நண்பர் கீரோ தான் வசனத்தை எல்லாம் இசையில பாடற மாதிரி மாத்திக் குடுத்தார். அந்தப் பக்கம் நான் அழுத ‘லே மிசராப்ள’ இருக்கே, அதுல கிட்டத்தட்ட எல்லாமே பாட்டுதான்! அப்போ அந்தக் கணக்குப்படி கார்மென் மியூசிக்கல், இது ஓபரா. யாராவது ஒத்துக்குவாங்களா?

என்னைக் கேட்டா நிஜமான வித்தியாசம் மைக்ல இருக்குங்க. ஓபரா பாடறவங்க மைக் இல்லாம, அறுபது எழுபது பேர் வாசிக்கிற ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டி கடைசி வரிசை வரைக்கும் கேக்குற மாதிரி பாடணும். கத்தினா கேக்கும்னு நினைக்கிறோம், கத்தினா தொண்டைதான் போகும். ஹெர்ட்ஸ்னா ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வுங்கிற கணக்கு; ஆர்கெஸ்ட்ராவோட பலமெல்லாம் 500 ஹெர்ட்ஸ் பக்கம் குவிஞ்சிருக்கும், மேல போகப்போக இறங்கிடும். பயிற்சி எடுத்த குரல், முக்கியமா ஆண் குரல், 3000 ஹெர்ட்ஸ் பக்கம் பளிச்சுனு எழும்பும், ஆர்கெஸ்ட்ரா இளைச்சிருக்கிற அந்த இடைவெளி வழியாத்தான் குரல் நம்ம காதுக்கு வருது, யோஹான் சுண்ட்பெரின்னு ஸ்வீடன்காரர் ஒருத்தர் இதை அளந்தே காட்டியிருக்கார். அந்தக் குரலை உருவாக்க பல வருஷம் ஆகும், பெரிய பாத்திரம்னா ஒரு நாள் பாடிட்டு மறுநாள் தொண்டைக்கு ரெஸ்ட் குடுத்தே ஆகணும்.

அப்போ மைக் வச்சுக்கிட்டா சுலபமான்னா, அதுவும் இல்லைங்க. விக்குக்கு அடியில, நெத்தியும் முடியும் சேர்ற இடத்துல, அரிசி மணி மாதிரி ஒரு மைக் ஒட்டியிருக்கும். அது இருக்கிறதாலதான் மேடையில ஒருத்தி அழுகையை அடக்கிக்கிட்டு மூச்சுக்காத்தா ஒரு வரியைப் பாட முடியுது, அந்த மூச்சு மாடி சீட்டு வரைக்கும் போய்ச் சேருது. அதே ஆள் ஆடணும், ஆடிட்டே பாடணும், மூச்சு வாங்காம வசனம் பேசணும், அதுவும் நியூயார்க்கோட நாடகத் தெருவான பிராட்வேலயும் லண்டன்லயும் வாரத்துக்கு எட்டு ஷோ. இதைப் போய் லேசான வேலைன்னு எப்படிங்க சொல்ல மனசு வருது?

சரி, இந்த உசத்தி தாழ்த்தி எங்கிருந்து வந்துச்சு? இசையில இருந்து வரலைங்க, சீட்ல இருந்து வந்துச்சு. நியூயார்க்ல ஆஸ்டர் பிளேஸ் ஓபரா ஹவுஸ்னு ஒண்ணு, உள்ள வரணும்னா மேல்தட்டு டிரஸ், கையில வெள்ளை கிளவுஸ். 1849 மே 10ஆம் தேதி அங்க மேக்பெத் நாடகம், நடிச்சது இங்கிலாந்துக்காரர் மக்ரெடி. பணக்காரங்களுக்கு அவரைப் பிடிக்கும், உழைக்கிற ஜனங்களுக்கு அமெரிக்க நடிகர் ஃபாரஸ்ட் தான் உயிர். வெளிய ஆயிரக்கணக்குல கூட்டம் கூடி கல்லெறிஞ்சுது, ராணுவம் சுட்டுச்சு, இருபது பேருக்கு மேல செத்துப்போனாங்க. எந்த நடிகர் உசத்திங்கிறதுல தொடங்கி, யார் உள்ள உக்காரலாம் யார் வெளிய நிக்கணும்ங்கிற கோபத்துல போய் முடிஞ்ச சாவு அது. அப்புறம் அதே ஊர்ல பழைய பணக்காரங்க தங்களோட அகாடமி ஆஃப் மியூசிக்ங்கிற ஓபரா அரங்குல புதுப் பணக்காரங்களுக்கு பாக்ஸ், அதாவது தனி அறை மாதிரி இருக்கிற சீட்டு, குடுக்கல, அவங்க 1883ல தனியா ஒண்ணு கட்டிக்கிட்டாங்க. அதுதான் மெட்ரோபாலிடன் ஓபரா!

அந்த மெட்ரோபாலிடனுக்கு ‘போர்கி அண்ட் பெஸ்’ வந்து சேர எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? அதுக்கு இசையமைச்ச கெர்ஷ்வின் அதை நாட்டுப்புற ஓபரான்னுதான் சொன்னார், ஆனா 1935ல நியூயார்க்ல அது ஓடினது பிராட்வே தியேட்டர்ல. மெட்ரோபாலிடன் மேடைக்கு வந்தது 1985ல. அம்பது வருஷம். அதுக்குள்ள கெர்ஷ்வின் செத்துப்போய் நாப்பத்தெட்டு வருஷம் ஆயிடுச்சு. எனக்கு இதை நினைச்சா நிஜமாவே மனசு வலிக்கும்.

மியூசிக்கல் பக்கம் நிக்கிறவங்களும் ஒரு தப்பு பண்றோம். ஓபராவா, பாஷையும் புரியாது, ஒரே கத்தல்னு ஒதுக்கிடறோம். 1983ல டொரான்டோல மேடைக்கு மேல மொழிபெயர்ப்பு வரி ஓட விட்டாங்க, இப்ப பெரிய அரங்குகள்ல இது சாதாரணம், அதனால பாஷையைக் காரணம் காட்ட முடியாதுங்க. புச்சினியோட ‘லா பொயெம்’ ஓபராவோட கடைசிக் காட்சியைப் பாருங்க, காதலி மிமி செத்துட்டான்னு சுத்தி நிக்கிற நண்பர்களுக்குத் தெரிஞ்சுடும், காதலன் ரொடோல்ஃபோவுக்கு மட்டும் தெரியாது. அவங்க முகத்தைப் பாத்துப் பாத்துத்தான் அவனுக்கு உறைக்கும், அப்புறம் அவ பேரைச் சொல்லிக் கூப்பிடுவான் பாருங்க... இதே கதையைத்தான் 1996ல ‘ரென்ட்’ங்கிற மியூசிக்கல் நியூயார்க் பசங்க கதையா எடுத்துக்கிச்சு.

கடைசியா ஒண்ணு. மோட்சார்ட்டோட ‘மந்திரப் புல்லாங்குழல்’ இன்னிக்கு எவ்ளோ பயபக்தியா போடறாங்க. 1791ல அது வந்தது வியன்னாவுக்கு வெளிய புறநகர் தியேட்டர்ல, ஜனங்க பேசற ஜெர்மன்ல, நடுநடுவுல வசனத்தோட. கதை எழுதின தியேட்டர் முதலாளி ஷிக்கனேடரே பாப்பகேனோங்கிற பாத்திரத்துக்கு வேஷம் கட்டினார். அவர் பாட்டுல மணி அடிக்கிற மாதிரி நடிப்பார், நிஜமா மேடைக்குப் பின்னாடி இன்னொருத்தர் வாசிப்பார். ஒரு நாள் மோட்சார்ட்டே பின்னாடி போய் உக்காந்து, வரக்கூடாத இடத்துல மணியை அடிச்சுட்டார். ஷிக்கனேடர் திரும்பிப் பாத்தார். அடுத்த தடவை மணி வரவேண்டிய இடத்துல மோட்சார்ட் அடிக்கல. ஷிக்கனேடர் பாட்டை நிறுத்திட்டு நின்னார், அப்ப மறுபடி ஒரு அடி. உடனே அவர் கையில இருந்த மணிப்பெட்டியை ஒரு தட்டு தட்டி "வாயை மூடு" ன்னார். அரங்கமே சிரிச்சுது. பாப்பகேனோ தானே வாசிக்கலைங்கிறது நிறைய பேருக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுதுன்னு மோட்சார்ட் தன் மனைவிக்கு லெட்டர்ல எழுதியிருக்கார்.