அபராதம் கட்டிவிட்டால் போதுமா?

வணக்கம் நேயர்களே. ஆஸ்திரேலிய ரக்பி லீக்கில் சம்பள உச்சவரம்பை மீறி மாட்டிக்கொண்ட கிளப்புகளைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் சிட்னியின் பரமட்டா ஈல்ஸ் கிளப் ரசிகன். அதனால் என்னிடம் நடுநிலையை யாரும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் எங்கள் கிளப்பையும் நான் விட்டுவைக்கப் போவதில்லை.

ஐபிஎல் ஏலம் பார்க்கிறவர்களுக்கு உச்சவரம்பு என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. ஒரு கிளப் தன் ஆட்டக்காரர்களுக்கு வருஷத்துக்கு மொத்தமாக இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம், அவ்வளவுதான். சிட்னி போட்டியில் 1990இல் இதைக் கொண்டுவந்தார்கள். பணக்கார கிளப் நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் வளைத்துப் போட்டுவிடக் கூடாது, ஏழை கிளப் போட்டிபோட்டுச் செலவழித்து திவாலாகிவிடக் கூடாது, இந்த இரண்டும்தான் நோக்கம். 2010இல் அந்த வரம்பு முதல் 25 பேருக்குச் சேர்த்து 41 லட்சம் ஆஸ்திரேலிய டாலர்.

அந்த 2010ஆம் வருஷம்தான் மெல்போர்ன் ஸ்டார்ம் என்ற கிளப்பின் விவகாரம் வெடித்தது. ஏப்ரல் 22, வியாழக்கிழமை. அப்போது என்.ஆர்.எல்., அதாவது இந்த லீக்கை நடத்தும் அமைப்பின் தலைமை நிர்வாகியாக இருந்த டேவிட் கேலப் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, ஸ்டார்ம் ஐந்து வருஷமாக ரெண்டாம் நம்பர் கணக்கு வைத்திருந்தது என்று அறிவித்தார். லீக்குக்குக் காட்ட ஒரு ஒப்பந்தம், ஆட்டக்காரருக்கு உண்மையில் கொடுக்க இன்னொரு கடிதம். அன்றைக்குச் சொன்ன தொகை சுமார் 17 லட்சம் டாலர், பிறகு தணிக்கை முடிந்தபோது அது 30 லட்சத்தையும் தாண்டியிருந்தது. 2007, 2009 இரண்டு வருஷக் கோப்பைகளும் பறிபோயின. 2006, 2007, 2008இல் லீக் சுற்றில் முதலிடம் பிடித்ததற்கான பட்டங்களும் போயின. 5 லட்சம் அபராதம், அது போக 11 லட்சம் பரிசுப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த சீசன் முழுக்க எத்தனை ஆட்டம் ஜெயித்தாலும் புள்ளி பூஜ்யம்.

இதில் ஒரு கூத்தையும் சொல்ல வேண்டும். ஸ்டார்ம் கிளப்புக்குச் சொந்தக்காரர் நியூஸ் லிமிடெட் என்ற ஊடக நிறுவனம். அப்போது என்.ஆர்.எல்.லில் பாதிப் பங்கு வைத்திருந்ததும் அதே நியூஸ் லிமிடெட்தான். தண்டனை கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே முதலாளி! அப்படியிருந்தும் பூசி மெழுகாமல் இவ்வளவு கடுமையாகத் தண்டித்தார்களே என்று, அந்த ஒரு விஷயத்தில் கேலப்பைப் பாராட்டத்தான் வேண்டும்.

மூன்று நாள் கழித்து, போர் வீரர்களை நினைவுகூரும் ஆன்சாக் தினத்தன்று, ஸ்டார்ம் மெல்போர்னில் நியூசிலாந்து வாரியர்ஸை எதிர்த்து ஆடியது. ஜெயித்தாலும் இரண்டு புள்ளி கிடைக்காது என்று தெரிந்தே ஆடினார்கள். ஆடி 40–6 என்று ஜெயித்தார்கள். எனக்கு அந்த அணி சுத்தமாகப் பிடிக்காது, 2009 இறுதி ஆட்டத்தில் எங்களை 23–16 என்று தோற்கடித்தவர்கள் அவர்கள்தான், ஆனாலும் அந்த ஆட்டத்தைப் பற்றி என்னால் ஒரு குறையும் சொல்ல முடியாது.

சரி, அபராதத்துக்கு வருவோம். கணக்கைப் பாருங்கள். வரம்புக்கு மேலே கொட்டிய பணம் 30 லட்சத்துக்கு மேல். அபராதமும் திருப்பிக் கொடுத்த பரிசுப் பணமும் சேர்த்தால் 16 லட்சம் சொச்சம். அதாவது செய்த திருட்டில் பாதி அளவுதான் பணமாகத் திரும்பி வந்தது. வெறும் அபராதம் மட்டும் என்றால், பணமுள்ள எந்த கிளப்பும் அதை ஒரு செலவுக் கணக்கில் எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். பரிசுப் பணம் வேண்டாம், கோப்பை போதும் என்று நினைக்கிற நிர்வாகிகள் எல்லாக் காலத்திலும் உண்டு.

2002இல் கேன்டர்பரி புல்டாக்ஸுக்கும் இதே 5 லட்சம் அபராதம்தான். அந்த சீசனில் தொடர்ந்து 17 ஆட்டம் ஜெயித்துப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தார்கள். ஆகஸ்ட் மாதம், லீக் சுற்று முடிய சில வாரமே இருக்கும்போது, சிட்னி பத்திரிகை ஒன்றின் துப்பறியும் செய்தியால் குட்டு உடைந்தது. 37 புள்ளிகள் கழிக்கப்பட்டன. முதல் இடத்திலிருந்து ஒரே நாளில் கடைசி இடம்! அந்த 5 லட்சம் இன்றைக்கு யாருக்கு ஞாபகம் இருக்கிறது? 37 என்ற எண்ணை மட்டும் எந்த புல்டாக்ஸ் ரசிகரைக் கேட்டாலும் தூக்கத்திலும் சொல்வார்.

அப்படியானால் புள்ளியைப் பறிப்பதுதான் சரியான தண்டனையா? பலர் அப்படித்தான் சொல்கிறார்கள், எனக்கு அதிலும் ஒரு நெருடல் இருக்கிறது. இங்கேதான் எங்கள் பரமட்டா கதை வருகிறது.

2009இல் ஏமாற்றிய அணியிடம் தோற்றோம் என்று ஊரெல்லாம் புலம்பிய நாங்கள், 2016இல் அதே குற்றத்தில் மாட்டினோம். 2013 முதல் சுமார் 30 லட்சம் டாலர் வரம்புக்கு வெளியே போயிருக்கிறது என்று லீக் கண்டுபிடித்தது. எப்படிச் செய்தார்கள் தெரியுமா? கிளப்புக்குச் சாமான், சேவை கொடுக்கிற நிறுவனங்களிடம் தொகையை ஏற்றி எழுதிய பில் வாங்குவது, செய்யாத வேலைக்கும் பில் வாங்குவது, அந்தக் கூடுதல் பணத்தைச் சுற்றிவிட்டு ஆட்டக்காரர் கைக்குக் கொண்டுபோவது. அப்புறம் வெளி விளம்பரதாரர் ஒப்பந்தங்கள். ஒரு நிறுவனம் தானாக வந்து ஒரு ஆட்டக்காரருக்கு விளம்பரப் பணம் கொடுத்தால் அது வரம்பில் சேராது, அது விதி. ஆனால் அந்தப் பணம் நிச்சயம் வரும் என்று கிளப்பே உத்தரவாதம் கொடுத்தால் அது சம்பளம்தானே! ஓட்டை இருந்தது அந்த இடத்தில்தான், எல்லா கிளப்புக்கும் அது தெரியும்.

தண்டனை 12 புள்ளிகள், 10 லட்சம் டாலர் அபராதம், அந்த வருஷ ஆரம்பத்தில் ஆக்லாந்தில் ஜெயித்த நைன்ஸ் (அணிக்கு ஒன்பது பேர் ஆடும் போட்டி) கோப்பையும் போனது. ஐந்து நிர்வாகிகள் வெளியேற்றப்பட்டார்கள். இதெல்லாம் நியாயம்தான். ஆனால் வரம்புக்குள் வரும்வரை புள்ளி கிடையாது என்றதால், சம்பளப் பட்டியலை அவசரமாகக் குறைக்க வேண்டியிருந்தது. சீசன் நடுவில் கோல்டு கோஸ்ட் கிளப்புக்குப் போனவர் நேதன் பீட்ஸ், மைதானத்தின் நடுப்பகுதியில் உடம்பைக் கொடுத்து ஆடும் எங்கள் ஹூக்கர் (அது ஓர் ஆட்ட இடத்தின் பெயர்). பில் எழுதியது அவர் இல்லை, பில்லில் கையெழுத்துப் போட்டதும் அவர் இல்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

என்னைக் கேட்டால், இதே குற்றத்துக்காக 2018இல் மேன்லி என்ற சிட்னி கிளப்புக்குக் கொடுத்த தண்டனைதான் புத்திசாலித்தனமானது. 7.5 லட்சம் அபராதம் ஒருபக்கம் இருக்கட்டும். அதோடு, அடுத்து வந்த சம்பள வரம்பிலேயே 6.6 லட்சத்தை வெட்டினார்கள். எந்தப் பையிலிருந்து திருடினார்களோ அதே பையிலிருந்து எடுப்பது! ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டவரைத் துரத்தாமல், இனி வாங்கப்போகிற ஆட்டக்காரரில் கைவைக்க வேண்டும். இதைச் சில வருஷங்களுக்குப் பரப்பிச் செய்தால் கிளப் நிஜமாகவே பயப்படும். நல்ல ஆட்டக்காரர் வேறு அணிக்குப் போவார், அதற்காகத்தானே இந்த வரம்பே வந்தது. ஸ்டார்மிலிருந்து நட்சத்திர ஆட்டக்காரர் கிரெக் இங்கிலிஸ் சவுத் சிட்னி கிளப்புக்குப் போனதைப் பாருங்கள். 2014இல் அந்த கிளப் பல வருஷக் காத்திருப்புக்குப் பிறகு கோப்பை வாங்கியது, இறுதி ஆட்டத்தின் கடைசி ட்ரை, அதாவது பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்து எடுக்கும் புள்ளி, இங்கிலிஸ் போட்டதுதான்.

அதே சமயம் ஸ்டார்ம் ஒன்றும் அழிந்துபோகவில்லை. ஸ்மித், ஸ்லேட்டர், கிரோங்க் என்ற மூன்று நட்சத்திர ஆட்டக்காரர்களையும் தக்கவைத்துக்கொண்டு, வரம்புக்குள் இருந்தே 2012இல் ஜெயித்தார்கள். எதிரணி புல்டாக்ஸ். தண்டனை வாங்கிய இரண்டு பேர் இறுதி ஆட்டத்தில்!

கடைசியாக, எங்கள் ஆட்கள் இன்னமும் கேட்பார்கள், 2009 கோப்பையை நமக்குக் கொடுத்திருக்கலாமே என்று. லீக் அந்த வருஷத்துக்கு வெற்றியாளர் இல்லை என்று விட்டுவிட்டது, அது சரி என்றுதான் நான் சொல்வேன். ஏனென்றால் அந்த வருஷம் லீக் சுற்றுக்குப் பிறகு நடந்த ஃபைனல்ஸ் சுற்றில் ஸ்டார்ம் முதலில் மேன்லியை வீழ்த்தியது, பிறகு அரையிறுதியில் பிரிஸ்பேனை. ஏமாற்றிய அணி இல்லாதிருந்தால் இறுதிக்கு வந்திருக்கக்கூடியவர்கள் அவர்களும்தான். அந்தப் பிரிஸ்பேனை எங்கள் எட்டாமிட அணி ஜெயித்திருக்கும் என்று, பரமட்டா ரசிகனான என்னாலும் சத்தியம் செய்ய முடியாது.