ஆக்சிஜன் 97 இருக்கும்போது ரத்தசோகைக்கு ஏன் பயப்பட வேண்டும்?

அடுத்த கேள்வி ஒரு மகளிடமிருந்து வந்திருக்கிறது. "அம்மாவுக்கு 62 வயது. வைரஸ் காய்ச்சல் நுரையீரலைத் தாக்கிவிட்டது என்று மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். ஆக்சிஜன் 97 காட்டுகிறது. ஆனால் ஹீமோகுளோபின் 8 தான் இருக்கிறது, அதனால் இன்னும் சில நாள் வைத்துப் பார்க்கணும் என்கிறார் டாக்டர். நோய் நுரையீரலில்தானே? ரத்தம் ஏற்றினால் சீக்கிரம் தேறமாட்டாரா?"

முதலில் அந்த 97 என்ன என்று பார்ப்போம். விரலில் மாட்டும் கருவி, இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனைச் சுமக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. நூறு வண்டி போக வேண்டிய இடத்தில் அறுபது வண்டிதான் போகிறது, எல்லாம் நிறைந்து போகிறது என்றால் அப்போதும் 97 தான் காட்டும்.

கணக்காகவே சொல்கிறேன். ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். ஹீமோகுளோபின் 14 இருப்பவருக்கு 100 மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய 18 மில்லி ஆக்சிஜன். உங்கள் அம்மாவுக்குப் பத்து மில்லிதான். அந்த 14 உள்ளவருக்கு விரல் அளவு 80-க்கு இறங்கினாலும் 15 மில்லி இருக்கும். 80 பரவாயில்லை என்று இதற்கு அர்த்தமில்லை, அது ஆபத்தான அளவு. 97-ஐ மட்டும் பார்த்து நிம்மதி அடைய முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்தக் குறையை இதயம்தான் வேகமாகத் துடித்து ஈடுகட்டுகிறது. காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினாலே உடம்பின் ஆக்சிஜன் தேவை பத்து சதவீதம் போலக் கூடும். நுரையீரலும் சளைத்துவிட்டால் இதயத்துக்கு மூன்று பக்கமும் நெருக்கடி. இன்னொன்று, ரத்தசோகை அதிகமாக இருப்பவருக்கு ஆக்சிஜன் நன்றாகக் குறைந்தாலும் உதடும் நகமும் நீலமாக மாறாமல் வெளிறியே இருக்கலாம். கண்ணால் பார்த்து ஏமாந்துவிடுவோம். அதனால் நாடித்துடிப்பையும் மூச்சின் வேகத்தையும் எண்ணுங்கள். கட்டிலிலிருந்து கழிவறை வரை நடந்தாலே படபடப்பு வந்தால் உடனே சொல்லுங்கள்.

கொரோனா காலத்தில் வந்த பல ஆய்வுகளில், சேரும்போதே ரத்தசோகை இருந்தவர்களுக்கு நோய் தீவிரமாவதும் இறப்பும் அதிகமாக இருந்தது. ஆனால் அவர்களில் பலர் வயதானவர்கள், சிறுநீரகக் கோளாறோ இதய நோயோ உள்ளவர்கள். பழியை முழுக்க ரத்தசோகை மேல் போட முடியாது. தொற்றே ரத்தத்தைக் குறைக்கவும் செய்யும். அழற்சி வரும்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கும், அது உடம்பிலுள்ள இரும்புச்சத்தைப் பூட்டி வைத்துவிடும். அந்த நேரத்தில், உடம்பில் சேமித்திருக்கும் இரும்பைக் கணிக்கிற ஃபெரிட்டின் பரிசோதனையும் உயர்ந்தே காட்டும். அதை வைத்து "இரும்பு போதுமான அளவு இருக்கிறது" என்று முடிவு கட்டக் கூடாது.

சரி, ரத்தம் ஏற்றலாமா? கனடாவில் தீவிர சிகிச்சை நோயாளிகளிடம் நடந்து 1999-இல் வெளியான பெரிய ஆய்வில், ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால் மட்டும் ரத்தம் ஏற்றியவர்களுக்கு, 10-க்கு மேல் வைக்கத் தாராளமாக ஏற்றியவர்களைவிடக் கெடுதல் எதுவும் கூடவில்லை. இன்றும் பொதுவாக 7, இதய நோய் இருந்தால் 8 என்றுதான் பார்க்கிறோம். தேவையில்லாமல் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம், அது ஏற்கனவே புண்பட்ட நுரையீரல். அம்மா 8-இல் இருக்கிறார், டாக்டர் பொறுத்துப் பார்ப்பது எனக்குச் சரியாகவே படுகிறது. இதய நோய் இருந்தால் அதை மட்டும் அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், காய்ச்சல் விட்டதும் இதை மறந்துவிடாதீர்கள். மாதவிடாய் நின்ற 62 வயதில் ஹீமோகுளோபின் 8 என்றால், வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். சத்து மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினாலும், "ஏன் குறைந்தது?" என்று கேட்டு, அதற்கான பரிசோதனைக்குத் தேதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.